எங்கள் பூங்கா ஏரியைத் தூர்வாரியவர்களுக்கு

நேற்று ராத்திரி கொட்டித் தீர்த்த மழைக்கு அப்புறம் இன்று காலை ஆறு மணிக்கே இங்கே பெங்களூரில் எங்கள் பூங்கா ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. போன வருடம் இதே நாட்களில் அந்தப் படிக்குக் கீழே காய்ந்து வெடித்த சேறும் அதில் செருகிக்கிடந்த பாட்டில்களும்தான் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை, பாதிப் பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி பரிசல்காரருக்கு. ஏரியில் மீன் பிடிக்கிற உரிமை அவருக்கு, தூர்வாரினால் ஒரு பருவம் முழுக்க அவர் பிழைப்பு போகும். அது தெரிந்தேதான் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாவையும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளையும் பரிசலில் ஏற்றி மூன்று நாள் சுற்றிக் காட்டினார். பத்து பத்து அடிக்கு ஓரிடத்தில் நிறுத்துவார்கள். தட்டு கட்டிய கயிற்றை இறக்கினால் அது சேற்றின் மேல்பரப்பில் போய் உட்காரும், அது ஓர் அளவு. அப்புறம் பெயிண்டில் கோடு போட்ட மூங்கிலைக் கடினமான தரை தட்டும்வரை குத்தி இறக்குவார்கள், அது இன்னோர் அளவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வண்டல். இவ்வளவு எளிய வேலை, ஆனால் இதைச் செய்கிறவரைக்கும் நாங்கள் எல்லோரும் "ஏரி மண்ணடைஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தோமே தவிர எங்கே, எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது.

வரைபடம் கைக்கு வந்தபோதுதான் எங்கள் ஏரியில் இருப்பது ஒரே சேறு இல்லை என்று புரிந்தது. கால்வாய் வந்து சேரும் வாயில் ஆள் உயரத்துக்குச் செம்மண்ணும் மணலும், கட்டிட வேலை நடக்கிற மனைகளிலிருந்தும் தோண்டிப் போட்ட சாலைகளிலிருந்தும் மழை அடித்துக்கொண்டு வந்தது. நடு ஏரியிலிருந்து கரை வரைக்கும் கறுப்புச் சேறு, மூங்கிலை உருவினாலே அழுகிய முட்டை நாற்றம், அது சாக்கடைக் கழிவும் செத்து அமிழ்ந்த ஆகாயத்தாமரையும் இலைகளும் மக்கியது. ஓடுகிற தண்ணீர் வேகமாக இருக்கும்போது மணலைச் சுமக்கும், ஏரிக்குள் நுழைந்து வேகம் அடங்கியதும் கனமானதை முதலில் போட்டுவிட்டு நைசானதை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் என்று பொறியாளர் ஐயா மணலையும் டம்ளரையும் வைத்து எங்கள் குழந்தைகளுக்குக் காட்டினார். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழம் வண்டல் என்றால் கிட்டத்தட்ட 4,000 கன மீட்டர், ஒரு டிப்பருக்குப் பத்து கன மீட்டர் வைத்தாலும் 400 லோடு. அந்தக் கணக்கைக் கேட்டதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. ஐயா, நீங்கள் அன்றைக்குப் பயமுறுத்தவில்லை, வேலையின் அளவை எங்களுக்குக் காட்டினீர்கள். அதற்கு நன்றி.

அடுத்தது, எங்கள் தெருக்கோடி வீட்டு டீச்சரம்மா. நாங்கள் எல்லோரும் அவசரப்பட்டோம், உடனே மெஷினை இறக்கு, மழைக்கு முன்னால் முடி என்று. நீங்கள் ஒருவர்தான் எழுந்து "சாக்கடையை நிறுத்தாம தூர் வாரி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குக்கூட உங்கள் மேல் கோபம் வந்தது, இப்போது சொல்கிறேன், நீங்கள் சொன்னதுதான் சரி. பக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்பு தன் கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தது. அது வந்துகொண்டே இருந்தால் வாரிய இடம் சில வருடத்தில் மறுபடி கறுத்துவிடும். கழிவில் வரும் பாஸ்பரஸ் வண்டலோடு படிந்துகிடக்கும், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அது மறுபடி தண்ணீரில் கரைந்து மேலே வரும், பாசி பெருகும், அந்தப் பாசி செத்து அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்த காட்சியை நீங்கள் நினைவுபடுத்தினீர்கள். அந்தக் கரையில்தான் எங்கள் மாமா வீடு, அந்த வார நாற்றம் எனக்கும் தெரியும். அந்தக் குடியிருப்பு வாசலில் நீங்கள் நின்ற நாட்களைக் கணக்குப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, நாங்கள் பாதி நாள் வரவில்லை. கடைசியில் கழிவுநீரைத் தனிக் குழாயில் திருப்பிவிட ஏற்பாடு செய்த மாநகராட்சிப் பொறியாளர் மேடத்துக்கும் நன்றி. விடுமுறை நாளில் பள்ளத்துக்குள் இறங்கி நின்று குழாயின் சாய்வைப் பார்த்தவர் அவர்.

வாரின மண்ணை எங்கே கொட்டுவது என்பதுதான் தூர்வாருவதில் பாதிப் பிரச்சினை. பக்கத்துக் காலி மனையில் கொட்டினால் அடுத்த மழையில் அதே கால்வாய் வழியாக வீடு திரும்பிவிடும். அதனால் மண்ணைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கால்வாய் வாயில் எடுத்த செம்மண் வயலுக்குப் போகலாம் என்று வந்தது. பிள்ளையார் கரைக்கிற மூலையில் எடுத்ததிலும் கறுப்புச் சேற்றின் ஒரு பகுதியிலும் உலோகங்கள் இருந்ததால் அதை யார் வயலுக்கும் கொடுக்காமல் தனியாக அனுப்பினார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை தண்ணீரில் கரையாது, அதன் பெயிண்ட் அடியிலேயே தங்கும், சட்டத்தில் தடை இருந்தும் வருடா வருடம் வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த வருடம் களிமண் பிள்ளையார் மட்டும், அதுவும் தனித் தொட்டியில்தான் என்று முடிவெடுத்த எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்கு இங்கேயே ஒரு நன்றி, தம்பிகளே.

ஹொசகோட்டே பக்கத்திலிருந்து டிராக்டரோடு வந்த விவசாயிகளை நான் மறக்க மாட்டேன். அவர்களில் ஒரு பெரியவர் மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஹூளு" என்றார் சந்தோஷமாக. வண்டலுக்குக் கன்னடத்தில் அதுதான் சொல். என் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலைப் பக்கம் அம்மாவின் ஊரில் சித்திரை வைகாசியில் ஏரி வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் போய் வெட்டி, வண்டி மண்ணை அவரவர் கொல்லையில் கொட்டுவார்களாம், குடிமராமத்து என்று சொல்வது அதைத்தான். "எரு வாங்கினதே இல்லை அப்ப" என்று அம்மா தமிழில் சொல்ல, பெரியவர் கன்னடத்தில் பதில் சொல்ல, இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. ஊரை நிறுவிய கெம்பே கவுடா காலத்து ஏரிகளிலிருந்து 1882இல் கட்டிய சாங்கி ஏரி வரைக்கும் எல்லாம் மனிதர்கள் கரை போட்டு மழையைத் தேக்கியவை. கரை போட்டவர்களுக்கு வண்டல் வரும் என்று தெரியும், வாருவார்கள், வயலுக்குப் போகும். நகரம் வளர்ந்ததில் வயல்கள் போய்விட்டன, வாருகிற பழக்கமும் கூடவே போய்விட்டது.

தருமபுரியிலிருந்து வந்த எக்ஸ்கவேட்டர் அண்ணா, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் கன மீட்டருக்குக் காசு, ஓரத்தையும் ஆழமாகத் தோண்டிவிட்டுப் போயிருந்தால் உங்கள் பக்கம் லாபம்தான். இந்த ஊரில் நிறைய ஏரிகளை அப்படித்தான் சூப் கிண்ணம் மாதிரி ஆக்கிவிட்டார்கள், சுற்றிலும் செங்குத்தான கரை, நடைபாதை, நடுவில் ஆழமான தண்ணீர், கொக்கும் மடையானும் கால் ஊன்ற இடமில்லை. பறவை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் வந்து ஓரங்களைச் சரிவாக விடுங்கள், வடக்கு மூலைக் கோரையைத் தொடாதீர்கள் என்று கேட்டபோது நீங்கள் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "எதுவரைக்கும்னு கோடு போட்டுக் குடுங்கம்மா" என்றீர்கள். போட்ட சுண்ணாம்புக் கோட்டை ஓர் அடிகூடத் தாண்டவில்லை. அடியில் பழைய களிமண் படுகை தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்தியதும் நீங்களேதான், அதை உடைத்தால் தண்ணீர் நிற்காது என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான். வலசை வந்த வாத்துகள் கிளம்பிய பிறகு ஆரம்பித்து மழைக்கு முன்னால் முடித்தீர்கள். இன்று காலை அந்தக் கோரைக்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று குஞ்சோடு நடந்துபோனது. படம் எடுத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

நெரிசல் நேரத்தில் டிப்பர் ஓட முடியாது என்பதால் ராத்திரி முழுக்க வண்டிச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட ஏரிக்கரைத் தெரு வீடுகளுக்கு நன்றி. கைக்குழந்தை இருந்த வீட்டிலிருந்துகூட ஒரு புகார் வரவில்லை. டிரைவர்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டீ போட்டுக் கொடுத்த பூக்கடை அக்கா, சக்கரத்தில் ஒட்டிய சேற்றைத் தினமும் விடிவதற்குள் கழுவிவிட்ட வாட்ச்மேன் தாத்தா, உங்களுக்கும்.

இனி சொல்லப்போகிறவர்களை மேடையில் யாரும் கூப்பிடவில்லை, சால்வையும் போடவில்லை, அதனால்தான் இதைக் கடைசியில் நீட்டி எழுதுகிறேன். கால்வாய் ஏரிக்குள் நுழைவதற்கு முன்னால் இப்போது ஒரு வண்டல் தொட்டி இருக்கிறது. முதலில் கம்பி வலை, பிளாஸ்டிக்கும் மட்டையும் அங்கே நிற்கும். அப்புறம் அகலமான பள்ளம், அதில் தண்ணீர் வேகம் குறைந்து மணல் கீழே உட்காரும், மேல் தண்ணீர் மட்டும் தாழ்ந்த சுவரைத் தாண்டிக் கோரைப்புல் நட்ட சதுப்புக்குள் போய் அங்கே கொஞ்சம் வடிந்து ஏரிக்கு வரும். ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீரைச் சதுப்பு வழியாக விடுகிறார்களே, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த யோசனை. ஆனால் தொட்டி நிரம்பிவிட்டால் அது தொட்டியே இல்லை, வருகிற மண் நேராக ஏரிக்குப் போகும். முதல் பெருமழையிலேயே விளிம்புவரை நிரம்பியது. அதை வாரியது நான்கு துப்புரவுப் பணியாளர்கள், மூன்று அக்காக்களும் ஓர் அண்ணாவும், மழை விட்ட மறுநாள் தவறாமல் வந்தார்கள், நேற்றைய மழைக்கு இன்றும் வருவார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கம்பூட்ஸும் கையுறையும்கூட இல்லை, அதைக் கேட்டு வாங்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது, அதற்காக அவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அக்கா, நீங்கள் ஒவ்வொரு தடவையும் அள்ளி வெளியே போடும் அந்த மண் முழுக்க நாளைக்கு ஏரியில் படிந்திருக்க வேண்டியது. எக்ஸ்கவேட்டர் மறுபடி எப்போது வர வேண்டும் என்பது உங்கள் மண்வெட்டியில் இருக்கிறது.

ஓசூரில் இருக்கிற என் தங்கை சொன்னாள், அவளும் ஒரு நன்றி சேர்க்கச் சொல்கிறாள். எங்கள் ஏரி நிரம்பினால் தண்ணீர் கோடி வழியாக, அதாவது உபரிநீர் வெளியேறும் வழியாக, அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்கு, பிறகு தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. நுரை நுரையாக வருகிற தண்ணீரை அந்தப் பக்கத்து மக்கள் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒரு சின்ன ஏரியில் சாக்கடை நின்றது அங்கே கண்ணுக்குத் தெரியாது, தெரிய வேண்டுமென்றால் மேலே இருக்கிற மற்ற ஏரிகளிலும் சாக்கடை நிற்க வேண்டும். ஆனாலும் அவள் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொட்டியைத் திறந்து முழுசாக வாருகிறார்கள். மண்வெட்டி எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது, கூடை குறைவாக இருக்கிறது. வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு கூடை எடுத்து வாருங்கள், பூக்கடை அக்கா டீ போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.