செந்திலுக்கு: ரிமோட் டிரக்கின் ஸ்டீயரிங் செர்வோ மாற்றுவது பற்றி

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரான செர்வோ, பாறை இடுக்கில் சக்கரம் திரும்பாமல் முனகுவது நன்றாகவே கேட்கிறது. 40 கிலோ செர்வோ வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வாங்கு கண்ணு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் கிலோ எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். அந்தச் செர்வோ கேட்கிற கரண்டை உன் வண்டி, அந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4, கொடுக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. வண்டியை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்து முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்படி செய். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பு. அந்தரத்தில் சட்டென்று திரும்பி, தரையில் மட்டும் திணறினால் செர்வோவுக்கு வலு போதவில்லை. அந்தரத்திலேயே மெதுவாகத் திரும்பினால் வலுவான செர்வோ போட்டும் பயனில்லை. எங்கேயோ இறுக்கம் இருக்கிறது. செர்வோ தண்டில் மாட்டியிருக்கும் கையான ஹார்னிலிருந்து, சக்கரத்தை இழுக்கும் கம்பியான டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பார். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்பும் இடத்தில் மண் ஏறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கம்பி முனையின் பந்து மூட்டான ராட் எண்ட் தேய்ந்து ஆடினாலும், செர்வோவைத் தாங்கும் பிராக்கெட் வளைந்து கொடுத்தாலும், புதுச் செர்வோவின் பலத்தில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும். செர்வோ வேலை செய்யும்போது ஒரு விரலை அதன் மேல் வைத்துப் பார். செர்வோவே அசைந்தால் பிராக்கெட்டைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, வீடியோவில் முன் டிஃப் லாக் போட்டிருந்தாயா என்று தெரியவில்லை. லாக் போட்டிருந்தால் இரண்டு முன் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், அது முடியாததால் ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். உன் வண்டியில் ரிமோட்டிலேயே லாக்கை விடுவிக்கலாம். பாறையில் ஏறியதும் விடுவித்துவிட்டுத் திருப்பிப் பழகு. வண்டி அசையாமல் நிற்கும்போது திருப்புவதுதான் செர்வோவுக்கு மிகப் பெரிய பாரம். அரை அங்குலம் முன்னே நகர்ந்தாலே நிறையக் குறைந்துவிடும். பித்தளை எடை மாட்டுவதும் பெரிய மெத்தை டயர் போடுவதும் இந்தப் பாரத்தை ஏற்றத்தான் செய்யும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் பலம் போதவில்லை என்றால் செர்வோவை மாற்று. வண்டியோடு கூட வந்த செர்வோ சுமார் 9 கிலோ-செ.மீ. இந்த அளவுக்கு என்ன பொருள் என்பதைக் கவனி: தண்டின் நடுவிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 9 கிலோவைத் தாங்கும். ஹார்ன் நீளம் 2 செ.மீ. என்றால் அங்கே நாலரை கிலோதான். அதுவும் நின்று திணறும் நிலையில் கிடைக்கும் உச்ச அளவு, ஓடிக்கொண்டிருக்கும்போது கிடைப்பதில்லை. அமெரிக்கக் கடைகளில் அவுன்ஸ்-இஞ்சில் போட்டிருப்பார்கள், அதை 13.9-ஆல் வகுத்தால் கிலோ-செ.மீ. வந்துவிடும். எந்த வோல்டேஜில் அந்த அளவு என்பதையும் பார். பெரும்பாலான பெட்டிகளில் 7.4 அல்லது 8.4 வோல்ட்டில் வரும் உச்ச எண்ணைத்தான் பெரிதாக அச்சடிப்பார்கள். 7.4-இல் 25 கிலோ என்றால் 6 வோல்ட்டில் ஏறக்குறைய 20 கிலோ. உனக்கு 20 முதல் 25 கிலோ போதும். 40 கிலோவுக்குப் போனால் செர்வோ தப்பித்துவிடும், நக்கிளும் லிங்க்கும் வளையும்.

பல் எல்லாம் உலோகமாக இருக்கட்டும், கடைசித் தண்டாவது எஃகாக இருக்கட்டும். அங்கே பனியிலும் ஓட்டுவாய் என்பதால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு. அளவு "ஸ்டாண்டர்ட்" என்றால் ஏறக்குறைய 40 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம். உயரம் மட்டும் தயாரிப்புக்குத் தயாரிப்பு 2, 3 மி.மீ. மாறும். அது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

தண்டில் உள்ள பல் எண்ணிக்கையில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டிராக்ஸஸ், ஃபுடாபா, சாவக்ஸ் எல்லாம் 25 பல். சான்வா, கேஓ, ஜேஆர் வகை 23 பல். ஹைடெக்கின் பழைய செர்வோக்கள் பலவும் 24 பல். 24 பல் ஹார்ன் 25 பல் தண்டில் பாதி ஏறி நிற்கும், திருகை இறுக்கினால் ஏறிவிட்டது போலவும் தெரியும். இரண்டு நாளில் பல் மழுங்கி ஹார்ன் சும்மா சுற்றும். கூட வந்த பிளாஸ்டிக் ஹார்னைப் புதுச் செர்வோவில் போடாதே. பக்கவாட்டில் திருகு வைத்துக் கவ்விப் பிடிக்கும் அலுமினிய ஹார்ன், 25 பல், ஒன்று வாங்கிக்கொள்.

நடுத் திருகின் நீளத்தையும் பார். அது கொஞ்சம் நீளமாகிவிட்டால் தண்டின் அடியில் போய் முட்டி நின்றுவிடும். உனக்குக் கையில் இறுகியது போல இருக்கும், ஹார்னோ தளர்வாகவே இருக்கும். ஹார்னை வைக்காமல் திருகை மட்டும் விரலால் உள்ளே விட்டு, எத்தனை மி.மீ. வெளியே நிற்கிறது என்று அளந்துகொள். ஹார்னில் திருகின் தலைக்குக் கீழே உள்ள கனம் அதைவிட அதிகமாக இருந்தால்தான் திருகு ஹார்னை அழுத்தும்.

இப்போது கரண்ட் விஷயம். வண்டியின் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சிக்குள்ளே பி.இ.சி. என்று ஒரு பகுதி இருக்கிறது. பேட்டரி வோல்டேஜை 6 வோல்ட்டாகக் குறைத்து, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் செர்வோக்களுக்கும் தருவது அதுதான். கூட வந்த செர்வோவுக்கு ஏற்ற அளவில்தான் அதைச் செய்திருப்பார்கள். பெரிய செர்வோ திணறி நிற்கும் கணத்தில் 3 முதல் 5 ஆம்பியர், சிலது அதற்கு மேலும் இழுக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் அணைந்து மறுபடி உயிர்பெறும், மிக்ஸி போட்டதும் ட்யூப்லைட் மங்குமே அந்த மாதிரி. பார்ப்பவருக்கு "சிக்னல் விட்டுப்போகிறது" என்று தோன்றும், ரேடியோவை மாற்றுவார்கள். குளிரில் லிபோ பேட்டரியின் உள் எதிர்ப்பு கூடும் என்பதால் அங்கே உனக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

மல்டிமீட்டர் இருக்கிறதல்லவா? செர்வோ பிளக்கின் பக்கவாட்டு ஜன்னல்களில் உலோகம் தெரியும். சிவப்பு வயருக்கு நேரே உள்ளதில் ஒரு முனை, பழுப்பு அல்லது கறுப்பில் இன்னொரு முனை. வண்டியை கார்பெட்டில் நிறுத்தி ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பு. மீட்டர் மெதுவாகக் காட்டும், கண் இமைக்கும் நேரச் சரிவை அது பிடிக்காது. ஆகவே மீட்டரிலேயே 5-க்குக் கீழே இறங்கினால், உள்ளே இன்னும் ஆழமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்.

கண் இமைக்கும் நேரச் சரிவுக்கு மட்டும் என்றால் 16 வோல்ட், 3300 அல்லது 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போதும். ரிசீவரில் ஸ்டீயரிங், த்ராட்டில், கியர், இரண்டு லாக் என்று எல்லா இடமும் நிரம்பிவிட்டதால் ஒரு இடத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டுத்தான் இணைக்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாறினால் கெபாசிட்டர் வெடிக்கும். சக்கரம் சிக்கி இரண்டு, மூன்று நொடி திணறும்போது கெபாசிட்டரால் ஒன்றும் ஆகாது. அதற்குத் தனி பி.இ.சி. வேண்டும். 'காசில்' (Castle) என்ற நிறுவனத்தின் 10 ஆம்பியர் பி.இ.சி. வாங்கினால், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 5.1 வோல்ட்தான் கொடுக்கும்; கம்ப்யூட்டரில் இணைத்து 6 அல்லது 7.4 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 2 செல் லிபோவில் ஓட்டினால் 6-இல் வை. ஓடும்போது பேட்டரியே 7.4-க்குக் கீழே இறங்கும், பி.இ.சி.யால் இல்லாததைத் தர முடியாது. 7.4 வேண்டுமென்றால் 3 செல் பேட்டரி.

இணைக்கும் விதத்தைக் கவனமாகப் படி. புது பி.இ.சி.யின் மின்சாரத்தை ரிசீவருக்குள் விடாதே. டிஃப் லாக்குக்கும் கியருக்கும் உள்ள மூன்று சின்னச் செர்வோக்களும் ரிசீவர் வழியாகத்தான் வாங்குகின்றன, 7.4 ஏறினால் அவை கருகும். ஆகவே செர்வோவின் வயரை வெட்டாமல், 15 செ.மீ. நீள எக்ஸ்டென்ஷன் ஒன்றை எடுத்து அதில் சிவப்பு வயரை மட்டும் நடுவில் வெட்டு. செர்வோ பக்கத்துச் சிவப்பை பி.இ.சி.யின் சிவப்போடு சேர்த்து ஈயம் வை. ரிசீவர் பக்கத்து முனையை சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிவிடு. பழுப்பு வயரை வெட்டாதே. ஓரத்தில் தோலை உரித்து பி.இ.சி.யின் கறுப்பை அதில் சேர். மைனஸ் ரிசீவர், செர்வோ, பி.இ.சி. மூன்றுக்கும் பொதுவாக இல்லாவிட்டால் செர்வோ வெட்டி வெட்டி இழுக்கும். பி.இ.சி.யின் மறுமுனை பேட்டரி கனெக்டரின் இஎஸ்சி பக்கத்தில் இணையாகச் சேரும். இதனால் ஒரு சிக்கல்: இஎஸ்சி சுவிட்சை அணைத்தாலும் இந்த பி.இ.சி. அணையாது. ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றாமல் படுக்கப் போனால் லிபோ காலியாகி வீணாகும்.

மாட்டும் வேலை எளிது. எம்3 திருகுகளில் உருண்டைத் தலைக்கு 2.0, உயரத் தலைக்கு 2.5 மி.மீ. ஆலன் கீ. பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்று. "டிக்" என்று பழைய மரையில் விழும், அப்புறம் வலப்பக்கம் இறுக்கு. ரிசீவர் பெட்டியின் வயர் வாசலில் சிலிக்கான் கிரீஸை மறக்காதே, தண்ணீர் வருவதே அந்த வழியில்தான்.

ஹார்ன் போடும் முன், ரிமோட்டில் நடு நிலையைச் சரிசெய்யும் ட்ரிம், சப்-ட்ரிம் இரண்டையும் பூஜ்ஜியத்தில் வைத்து, ரிமோட்டை முதலில், வண்டியைப் பிறகு ஆன் செய். செர்வோ தானாக நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது ஹார்னை டிராக் லிங்க்குக்குச் செங்குத்தாக ஏற்று. 25 பல் என்பதால் ஒரு பல் மாறினால் 14.4 டிகிரி, எப்படி வைத்தாலும் 7.2 டிகிரிக்கு மேல் பிசகாது. அந்த மிச்சத்தைச் சப்-ட்ரிம்மில் சரிசெய். நடுத் திருகுக்கும் கவ்வும் திருகுக்கும், திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக் திரவம் ஒரு துளி. பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்குப் போடாதே, சில வகைப் பிளாஸ்டிக் அதில் விரிசல் விடும்.

ஹார்னின் பந்து மூட்டு பழைய உயரத்திலேயே வர வேண்டும். புதுச் செர்வோ 3 மி.மீ. உயரமாக இருந்தால் டிராக் லிங்க், அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடுக்கு இணையாக இல்லாமல் சாயும். பிறகு சஸ்பென்ஷன் அமுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். பந்தின் கீழே வாஷர் வைத்தோ எடுத்தோ இரண்டையும் இணையாக்கு. முன் அச்சைக் கையால் அழுத்திவிட்டுப் பார், சக்கரம் அசையாமல் இருந்தால் சரி.

கடைசியில் எண்ட் பாயிண்ட், அதாவது செர்வோ எதுவரை திரும்பலாம் என்ற எல்லை. இதைச் செய்யாமல் விட்டால்தான் புதுச் செர்வோ ஒரே வாரத்தில் கருகும். ரிமோட்டில் இரண்டு பக்கமும் முதலில் 60 சதவீதத்தில் வை. இடது கோடிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டு, நக்கிள் அச்சில் முட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. முட்டியதும் முனகல் கேட்கும். முனகல் அடங்கும்வரை இறக்கு, அதோடு இன்னும் ஒரு புள்ளி இறக்கு. வலதுக்கும் தனியாக இதே மாதிரி. இரண்டும் ஒரே எண்ணில் வராது, வர வேண்டியதும் இல்லை. டிஜிட்டல் செர்வோ நடுவில் நிற்கும்போது மெல்லிதாக ரீங்காரம் செய்வது குற்றமில்லை. பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார். ஐந்து நொடி விரல் வைக்க முடியாத சூடு என்றால் எண்ட் பாயிண்ட் அதிகம், அல்லது எங்கோ இறுக்கம்.

சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ரிமோட்டை அணைத்துப் பார். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபெயில்சேஃபை நடுவில் அமைத்துவிட்டுத்தான் வெளியே எடுத்துப் போக வேண்டும்.

செர்வோ ஆர்டர் போடும் முன் கார்பெட்டில் எடுத்த மீட்டர் அளவை எழுதி அனுப்பு சாமி. எந்த பேட்டரி, எத்தனை செல் என்பதையும் சேர்த்து எழுது. இப்போதிருக்கும் சின்னச் செர்வோவிலேயே 5.5-க்குக் கீழே போகிறது என்றால், பி.இ.சி.யை முதலில் வாங்கச் சொல்வேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டு.

அன்புடன்,
அம்மா