காலிக் கட்டமும் ‘இல்லை’ என்ற பதிலும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வீடற்றோர் எண்ணிக்கை பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2024 ஜனவரியில் எடுக்கப்பட்ட ஓரிரவுக் கணக்கெடுப்பில் 7,71,480 பேர் வீடின்றி இருந்தனர் என்று கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தது சரியே. ஆனால், அந்த ஓர் இரவைத் தவிர்த்த மற்ற நாட்களில் காப்பகங்களுக்கு யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்பதையெல்லாம் பதிவு செய்வதற்கென்று தனியாக மென்பொருள்கள் இயங்குகின்றன. ஒருவருக்கு வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் அந்தப் பதிவைப் பொறுத்தே அமைகிறது. அந்த மென்பொருள்களை எழுதிப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், அவற்றுக்கிடையே தரவு கைமாறுவதற்கான பொது வரையறையைத் திருத்தும்போது நேரும் ஒரு தவறு பற்றி எழுத விரும்புகிறேன்.

ஒரே ஆளை இருமுறை எண்ணாத கணக்கு வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2001ஆம் ஆண்டில் அந்நாட்டின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையைப் பணித்தது. அதற்கான முதல் தரநிலை 2004 ஜூலையில் வெளியாயிற்று. பின்னர் 2010இலும் 2014இலும் திருத்தப்பட்டது. அண்மைக் காலமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1 அன்று புதிய தரநிலை நடைமுறைக்கு வருகிறது. வீடற்றோருக்கான உதவிப் பணிகளை ஒருங்கிணைக்க நாடெங்கும் ஏறத்தாழ 400 வட்டாரக் கூட்டமைப்புகள் இருக்கின்றன. எந்த மென்பொருளை வாங்குவது என்பதை அந்தந்த வட்டாரமே முடிவு செய்கிறது. ஆகவே ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு விவரங்கள் போய்ச் சேர வேண்டுமானால், எந்தக் கோப்பில் எந்த விவரம் இருக்க வேண்டும், எந்தப் பதிலுக்கு எந்த எண் என்பதில் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒப்பந்தம் தேவைப்படுகிறது. எங்கள் தொழிலில் இதை ஸ்கீமா என்போம்.

இந்த ஒப்பந்தத்தில் நான் பெரிதும் மதிக்கும் ஓர் அம்சம் உண்டு. காப்பகத்துக்கு வருபவரிடம், நீண்டகாலமாக வாழ்க்கையை முடக்கும் உடல் அல்லது மனநலக் குறைபாடு ஏதேனும் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு என்றால் 1; இல்லை என்றால் 0. தமக்கே தெரியவில்லை என்று அவர் சொன்னால் 8. பதிலளிக்க விரும்பவில்லை என்றால் 9. அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை என்றால் 99. பதிவு மேசையருகே ஒரு நாள் மாலை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாசலில் வரிசை நிற்கும். கையில் நனைந்த பையோடு ஒருவர் நின்றபடியே பதில் சொல்வார். பின்னால் ஒரு குழந்தை அழும். அந்த நேரத்தில் எல்லாக் கேள்விகளையும் கேட்டுவிட முடியாது. கேட்கவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய ஓர் எண் இருப்பது அதனால்தான் அவசியமாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வட்டாரம் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறியபோது, தரவை மாற்றித் தரும் பணியில் நானும் இருந்தேன். பழைய மென்பொருளில் இந்தக் கேள்வி கேட்கப்படாத இடங்களில் 99 இல்லை. கட்டம் காலியாகவே விடப்பட்டிருந்தது. பழைய பதிவு ஒவ்வொன்றும் புதியதில் எந்த எண்ணாக வேண்டும் என்று காட்டும் மாற்று அட்டவணையில், காலியாக இருந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி இருந்தது. அந்த அட்டவணையைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன். கோப்புகள் பிழையின்றி ஏறின. சோதனைகள் அனைத்தும் தேறின. மூன்றாம் வாரம் ஒரு காப்பக ஊழியர் தொலைபேசியில் அழைத்தார். “இவர் சக்கர நாற்காலியில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். திரையோ இவருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்கிறது” என்றார்.

இதன் விளைவு என்ன என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டும். ஓராண்டு தொடர்ச்சியாகவோ, மூன்று ஆண்டுகளில் குறைந்தது நான்கு முறையாக மொத்தம் 12 மாதங்களோ வீடின்றி இருந்தவர், குறைபாடும் உடையவராக இருந்தால்தான் ‘நாட்பட்ட வீடின்மை’ என்ற வரையறைக்குள் வருவார். உதவிச் சேவைகளோடு கூடிய நிரந்தர வீடுகளுக்கான முன்னுரிமை பெரும்பாலும் அவர்களுக்குத்தான். காலிக் கட்டத்தில் நாங்கள் நிரப்பிய ஒரு சுழியம், அவரை அந்தப் பட்டியலிலிருந்தே வெளியேற்றிவிட்டது. அந்த ஊழியர் அழைத்திராவிட்டால் இன்னும் எத்தனை மாதங்கள் அப்படியே கிடந்திருக்குமோ என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

திருத்தங்களே கூடாது என்பதல்ல என் கருத்து. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இருவகை மாற்றங்களும் இருந்தன. 9 என்ற எண்ணுக்கு அதுவரை ‘மறுத்தார்’ என்றிருந்த விளக்கம், ‘பதிலளிக்க விரும்பவில்லை’ என்று மாறியது. எண் மாறவில்லை, எதிரே நிற்கும் மனிதரைப் பற்றிய பார்வை மாறியது. இதை முழுமனதோடு வரவேற்கிறேன். அதே திருத்தத்தில், ஒருவர் முந்தைய இரவு தங்கிய இடத்துக்கான எண்கள் மாற்றி அமைக்கப்பட்டன. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்பது 16இலிருந்து 116 ஆயிற்று. அவசரகாலக் காப்பகம் 1இலிருந்து 101 ஆயிற்று. நூறுகளில் வருவன வீடின்மை, இருநூறுகளில் வருவன மருத்துவமனை, சிறை போன்ற நிறுவனங்கள் என்று வகை பிரித்தது நல்ல யோசனைதான். ஆயினும் எண் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு மாற்று அட்டவணை எழுதப்படுகிறது. எழுதுபவர் அவசரத்தில் இருக்கிறார். புதிய விதிகள் எங்கள் கைக்கு வந்து சேர்வதற்கும் அக்டோபர் 1க்கும் இடையே சில மாதங்களே கிடைக்கின்றன.

தமிழ் வாசகர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இராது. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதிய பிறந்த தேதியே வாழ்நாள் முழுக்க நிலைத்துவிட்ட பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்கத் தரநிலையிலும், பிறந்த ஆண்டு மட்டுமே தெரிந்தவருக்கு ஜனவரி 1 என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தேதி தோராயமானது என்று சொல்ல அருகிலேயே இன்னொரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைத் தவறவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துச் சென்றால், ஊகம் உண்மையாகிவிடும்.

ஆகவே, தரநிலை வெளியாகும் அன்றே பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற அதிகாரபூர்வ அட்டவணையும் உடன் வெளியிடப்பட வேண்டும். நிறுவனத்துக்கு ஒன்றாக அதை எழுதிக்கொள்ளும் நிலை நீடிக்கக் கூடாது. கட்டாயக் கட்டம் காலியாக இருக்கும் கோப்பை ஏற்காமல் திருப்பி அனுப்புவதே விதியாக வேண்டும். மாற்றங்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட வேண்டும். எந்தக் கட்டத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவெடுக்கும் முன், பதிவு மேசையில் உட்காரும் ஊழியர்களையும், அந்த மேசைக்கு எதிரே ஒரு காலத்தில் நின்றவர்களையும் கேட்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வருவோருக்கான அமைப்புகள் இந்தப் பொதுத் தரவுத்தளத்தில் விவரங்களைச் சேர்க்கவே கூடாது என்று சட்டம் தடுத்து, அவர்களுக்குத் தனித் தரவுத்தளம் வகுத்திருப்பதும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் நிலையை எண்ணிப் பார்த்ததால்தான்.

தங்கள் வாசகர்களில் தகவல் தொழில்நுட்பத் துறையினர் ஏராளம். இத்தகைய தரவு மாற்றுப் பணி அவர்களுடைய மேசைக்கும் வரக்கூடும். காலிக் கட்டம் ஒன்றைக் கண்டால், அதை நிரப்பும் முன் கோப்பை அனுப்பியவரை ஒருமுறை அழைத்துக் கேளுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓஹாயோ, அமெரிக்கா