நாக்கோவைக் கழற்றும் முன் அறையை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்க நெருங்க, சுங்கை சிப்புட் வட்டாரத் தாமான்களில் பழைய சன்னல்களைப் பெயர்த்தெடுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். லயன் வீட்டை விட்டு வந்து மலிவு விலை வீடு வாங்கிய குடும்பங்கள், பல்லாண்டு ஓடிய நாக்கோ சன்னலையும் (கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறப்பது) கரையான் அரித்த மரச்சட்டத்தையும் மாற்ற நினைப்பது நியாயமே. ஆனால் கடையில் பலர் கேட்பது ஒரே கேள்வி: சதுர அடிக்கு விலை எவ்வளவு? திறந்தால் எவ்வளவு காற்று வரும் என்று கேட்பவர் குறைவு.

10-க்கு 10 அடி படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1984-ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளின் 39-ஆவது விதிப்படி, அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னலாக இருக்க வேண்டும். 5 விழுக்காடு தடையின்றிக் காற்று வரும் திறப்பாக இருக்க வேண்டும். அதாவது இந்த அறைக்கு 10 சதுர அடி சன்னல், 5 சதுர அடி திறப்பு. பழைய 3-க்கு 4 அடி நாக்கோ 12 சதுர அடி; கண்ணாடிகளைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய முழுப் பரப்பிலும் காற்று நுழையும். இப்போது வேலை மிச்சம் என்று மரச்சட்டத்தைக் கழற்றாமல் அதற்குள்ளேயே அலுமினியச் சட்டத்தைச் செருகிவிடுகிறார்கள். நான்கு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் போனால் மிஞ்சுவது 32-க்கு 44 அங்குலம், அதாவது 9.8 சதுர அடி. அதில் பக்கவாட்டில் நகரும் இரண்டு கதவு ஸ்லைடிங் போட்டால் பாதிதான் திறக்கும்: 4.9 சதுர அடி. பணம் கொடுத்து வாங்கிய புதுச் சன்னல் விதி கேட்கும் குறைந்தபட்ச அளவைக்கூட எட்டவில்லை. பிறகு அறை புழுங்குகிறதென்று ஏர்கோன் வாங்க ஓடுகிறோம்.

ஆகவே மரச்சட்டத்தை முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். சுவரைப் பூசிச் சரிசெய்யக் கூடுதல் கூலி ஆகும். அது வீண் செலவில்லை. உள்ளே விட்ட கட்டையைக் கரையான் தொடர்ந்து தின்னும். அதில் முடுக்கிய திருகாணிகள் ஒருநாள் பிடிமானம் இழக்கும்.

படுக்கையறைக்கு என் தேர்வு, பக்கவாட்டில் கீல் வைத்து வெளியே திறக்கும் கேஸ்மென்ட். ஏறக்குறைய முழுதும் திறக்கும். மூடினால் ரப்பர் பட்டையில் அழுந்தி மழைநீரைத் தடுக்கும். ஒரு கதவின் அகலத்தை 2 அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அகலம் கூடினால் பாரத்தில் கீல் தொய்ந்து, கதவின் அடிமூலை சட்டத்தில் இடிக்கும். கீல் 304 ரக துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஆள் நடக்கும் பக்கம் கேஸ்மென்ட் வேண்டாம், தலையில் இடிக்கும்; அங்கே ஸ்லைடிங்தான் பொருத்தம். குளியலறைக்கும் சமையலறைக்கும் மேலே கீல் வைத்த டாப்-ஹங் நல்லது. சாரல் மழையில்கூடச் சற்றே திறந்து வைக்கலாம்.

நாக்கோவையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அலுமினியச் சட்டம் நன்றாக இருந்தால் உடைந்த கிளிப்பையும் கண்ணாடியையும் மட்டும் மாற்றலாம். கண்ணாடி 6 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். நீளம் 3 அடியைத் தாண்டக்கூடாது. வெளியிலிருந்து கண்ணாடியை உருவிவிடலாம் என்பதால் உள்ளே கிரில் அவசியம். இடுக்குகளில் குளிர்காற்று கசிவதால் ஏர்கோன் அறைக்கு மட்டும் அது ஒத்துவராது.

கண்ணாடி விஷயத்தில் விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ஆர்கான் வாயு அடைத்த இரட்டைக் கண்ணாடி, வீட்டின் கதகதப்பை வெளியே விடாமல் காக்கக் குளிர்நாடுகளில் விரும்பி வாங்கப்படுவது. சன்னலைத் திறந்து வைத்து வாழும் நம் வீட்டுக்கு அதனால் பயன் சொற்பம். இங்கே பார்க்க வேண்டியது வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்னும் எண். எஸ்.எச்.ஜி.சி. என்று அட்டவணையில் இருக்கும். தெளிவான ஒற்றைக் கண்ணாடிக்கு 0.8-க்கு மேல் வரும், குறையக் குறைய நல்லது. நிறக் கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை அறைக்குள் விடுகிறது. மேற்குப் பார்த்த சன்னலுக்கு வெளியே ஒரு சாய்ப்போ மூங்கில் தட்டியோ போட்டால், வெப்பம் கண்ணாடியைத் தொடுமுன்னே நின்றுவிடும்.

பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் டெம்பர்ட் கண்ணாடி போடுங்கள். உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகாமல் சிறுமணிகளாக உதிரும். சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு அதை வெட்ட முடியாது. அளவு தவறினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதனால் அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும். இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் திறப்பு கோணியிருப்பது தெரிந்துவிடும். பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் இடைவெளி விடலாம்.

அந்த இடைவெளியை அடைக்கும் சிலிகானைக் கவனியுங்கள். காடி நெடி அடித்தால் அது அமில வகை. சிமெண்டில் சரியாக ஒட்டாது, சில உலோகங்களை அரிக்கவும் செய்யும். நியூட்ரல் வகையைக் கேளுங்கள். ஸ்லைடிங் சட்டத்தின் அடியில் வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும். தடத்தில் தேங்கும் மழைநீர் அவற்றின் வழியேதான் வடிய வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று அவற்றையும் சிலிகான் பூசி அடைத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு மழை அடிக்கும்போது தண்ணீர் உள்பக்கம் வழிந்து மெத்தையை நனைக்கிறது. சன்னலடித் திண்டும் வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும்.

கிரில் போடுவோர், தீப்பிடித்தால் தப்பிக்க, ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு பகுதியாவது உள்ளிருந்து திறக்கும்படி செய்துகொள்ள மன்றாடுகிறேன். சாவி, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில், ஆனால் வெளியிலிருந்து எட்டாத தூரத்தில் தொங்கட்டும். வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் அதைத் திறக்கப் பழக்கிவிடுங்கள்.

கொட்டேசன் வாங்கும்போது சட்டத்தின் கனம், கண்ணாடியின் வகையும் கனமும், கீலின் ரகம், பழைய சட்டம் கழற்றும் கூலி, சுவர்ப் பூச்சு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்து சிலிகான் காய்ந்த மறுநாள், ரப்பர் குழாயால் அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு சன்னலுக்கும் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒருவர் டிஷ்யூ தாளோடு மூலைகளைத் தொட்டுப் பார்க்கட்டும். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

அலுமினியம், கண்ணாடித் தொழிலில் உள்ள வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.