விடைத்தாளில் முழு மதிப்பெண், பென்சில் பெட்டியில் வேப்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளும் போதைப் பழக்கமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பல வருடங்களாக உயிரியல் பாடம் நடத்துகிறவள் நான். கட்டுரையில் இருந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடங்கள் நெருடின. கூடவே போட்டிருந்த கருகிய மூளைப் படமும்தான்.

முதல் இடம், "25 வயது வரை மூளை முழுமையடையாது, அதனால் இவர்களுக்குச் சரியாக யோசிக்க வராது" என்ற வரி. அதை வாசித்து முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்புறம் எதுக்கு மிஸ் எங்களுக்குப் பரீட்சை?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கேள்வி நியாயமானதுதானே.

அளவை மட்டும் பார்த்தால் ஆறு வயதிலேயே மூளை பெரியவர்களின் மூளையில் 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது உள்வேலை. அதிகம் புழங்காத நரம்பு இணைப்புகள் கழிக்கப்படுகின்றன. அடிக்கடி புழங்கும் பாதைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை ஏறி, செய்தி வேகமாகப் பாய்கிறது. அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் ஜே கீட்டின் குழுவினர் ஒரே பிள்ளைகளைச் சில வருட இடைவெளியில் மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் நெற்றிப் பக்கத்துச் சாம்பல் நிறப் பகுதி பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 11 வயது வரையிலும் பையன்களுக்கு 12 வயது வரையிலும் தடித்து, அப்புறம் மெலியத் தொடங்குவதாகக் கண்டார்கள். மெலிவது கோளாறு அல்ல, முதிர்ச்சி. இந்த வேலை பின்தலையில் தொடங்கி நெற்றிப் பக்கமாக நகர்கிறது. திட்டமிடுவது, நிறுத்திக்கொள்வது, "வேண்டாம்" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போன்றவற்றைக் கவனிக்கும் முன்நெற்றிப் பகுதிக்குத்தான் கடைசி முறை. அது இருபதுகளின் நடுப்பகுதி வரை இழுக்கும். 25 என்பது எல்லைக் கோடு இல்லை. அந்தப் பிறந்தநாள் காலையில் யாருக்கும் எதுவும் திடீரென்று விளங்கிவிடப் போவதில்லை.

ஆனால் ஆசையையும் பரிசையும் கவனிக்கும் பகுதி அதுவரை காத்திருப்பதில்லை. பருவம் எய்தும்போதே, ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளோடு அது முழு வீச்சில் இறங்கிவிடுகிறது. சிக்கல் இந்த இடைவெளியில் இருக்கிறது. "யோசிக்க வராது" என்று சொல்வது இதைக் கொச்சைப்படுத்துவதாகும்.

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். நிகோடின் மூளையில் என்ன செய்கிறது என்று தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டிருந்தேன். ஐந்துக்கு ஐந்து வாங்கினான். மூளையின் சொந்தச் செய்திப் பொருளான அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய ஏற்பியில், அதாவது நரம்பணு செய்தியை வாங்கும் இருக்கையில், நிகோடின் போய் உட்காருவதை அம்புக்குறி போட்டு அழகாக வரைந்திருந்தான். இரண்டு வாரம் கழித்து அவன் பென்சில் பெட்டியில் பென்டிரைவ் போல ஒன்று கிடந்தது. நானும் பென்டிரைவ் என்றே நினைத்துக் கையில் எடுத்தேன். மூக்குக்கருகே வந்தபோது செயற்கையான இனிப்பு வாசனை அடித்தது. வேப், அதாவது மின்சிகரெட். தெரியாமல் செய்தான் என்று யாரும் சொல்ல முடியாது. என்னைவிட நன்றாகவே விளக்கம் எழுதியவன்.

2005இல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னல் மஞ்சளானதும் நிறுத்துகிறார்களா, துணிந்து போகிறார்களா என்று பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து, தனியாக ஆடியதைப் போல இரண்டு மடங்கானது. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மாற்றமே இல்லை. என் மாணவன் தேர்வைத் தனியாக எழுதினான். வேப்பைத் தனியாக வாங்கியிருக்க மாட்டான். பள்ளி அவனை வெளியே அனுப்பியது. தப்பு செய்யாத ஆட்களிடமிருந்து பிரித்து, வேப்பைக் கையில் கொடுத்தவர்களிடமே அவனை விட்டது போலாயிற்று. அன்றைக்கு ஆசிரியர் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

கட்டுரையில் வராத ஒரு விஷயம் உண்டு. இந்த வயது மூளையின் பெரிய திறமையே வேகமாகக் கற்றுக்கொள்வதுதான். மொழியையும் இசைக்கருவியையும் பிடித்துக்கொள்வது போலவே போதையையும் அது பிடித்துக்கொள்கிறது. அடிமையாவதும் மூளைக்கு ஒருவகைப் படிப்பே. கஞ்சாவைத் தொட்டவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அதற்கு அடிமையாகிறார்கள் என்றால், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் அது 17 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி போய் ஒட்டும் ஏற்பிகள், உடலே சுரக்கும் கஞ்சா போன்ற பொருள்களுக்காக இருப்பவை. நரம்பு இணைப்புகளைச் சீர்செய்யும் வேலையில் அவற்றுக்கும் பங்குண்டு. வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் வெளி ஆள் நுழைவதுதான் பிரச்சினை. மது வேறு மாதிரி ஏமாற்றுகிறது. இளம் எலிகளுக்கு மதுவால் வரும் தூக்கக் கலக்கம் முதிர்ந்த எலிகளைவிடக் குறைவு என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். "போதும்" என்ற எச்சரிக்கை மணி மெதுவாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது இடம். "கஞ்சா பிடித்தால் ஐக்யூ 8 புள்ளி குறையும்" என்று போட்டிருக்கிறீர்கள். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை 38 வயது வரை பின்தொடர்ந்து, 2012இல் வெளிவந்த கணக்கு அது. பதின்ம வயதில் தொடங்கிப் பல வருடம் விடாமல் சிக்கிக் கிடந்தவர்களுக்குத்தான் அந்த 8. இரட்டையர்களை வைத்து 2016இல் வந்த ஆய்வில், கஞ்சா பிடித்தவருக்கும் பிடிக்காத உடன்பிறப்புக்கும் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே குடும்பச் சூழலும் காரணமாக இருக்கலாம் என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. இதை மறைத்து எழுதினால், கைபேசியில் இரண்டு நிமிடம் தேடும் பிள்ளை நம்மைப் பொய்யர் என்று முடிவுகட்டிவிடும். ஞாபகமும் கவனமும் கெடுவது, வீரியம் கூடிய கஞ்சாவால் மனச்சிதைவு அபாயம் கூடுவது என்று உறுதியாகச் சொல்ல வேண்டியவையே போதுமான அளவு இருக்கின்றன. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

வாசித்து முடித்ததும் மூன்றாவது வரிசையில் வழக்கமாக வாயே திறக்காத ஒருவன் கேட்டான்: "ஏற்கெனவே ஆரம்பிச்சவனுக்கு அவ்வளவுதானா, மிஸ்?" கட்டுரையில் பதில் இல்லை. 2018இல் வந்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னேன். கஞ்சா பிடித்துவந்த 16 முதல் 25 வயதுக்காரர்களில் ஒரு பகுதியினர் ஒரு மாதம் நிறுத்தினார்கள். புதிதாகச் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் அவர்களுக்கு மேம்பட்டது. அதில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே.

"ஒரே வாரத்துலயா?" என்று கேட்டு, நோட்டின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டான். யாருக்காகக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்