வண்டியைக் கைவிட்டதாக எழுதப்பட்ட பதிவை நீக்கக் கோரும் புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர், மறுப்பு மனுக்கள் பிரிவு

பொருள்: என் பெயரிலுள்ள டிரக் ஓட்டுநர் பணி வரலாற்று அறிக்கையின் தவறான பதிவுகளை நீக்குவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நீங்கள் தொகுத்து, ஓட்டுநர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்குத் தரும் மேற்கண்ட அறிக்கையைத் திருத்தக் கோரி உங்கள் இணையப் படிவத்திலும் தொலைபேசியிலும் பதிவுத் தபாலிலும் பலமுறை முறையிட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் "சரிபார்க்கப்பட்டது, மாற்றமில்லை" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. யார் சரிபார்த்தார், எந்த ஆவணத்தை வைத்துச் சரிபார்த்தார் என்பதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை. சேவை எண்ணில் இசை கேட்டுக் காத்திருக்கும் பொறுமை எனக்குத் தீர்ந்துவிட்டதால் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன்.

என் முந்தைய நிறுவனம் தந்த பதிவில் நான் "வண்டியைக் கைவிட்டுச் சென்றவர்" என்றும், "மீண்டும் பணியமர்த்தத் தகுதியற்றவர்" என்றும் இருக்கிறது. நான் எந்த வண்டியையும் எங்கும் கைவிடவில்லை. இண்டியானாபோலிஸில் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான டெர்மினல் எனப்படும் வண்டி நிறுத்த வளாகத்திலேயே டிராக்டரையும் (டிரக்கின் முன்பக்க இழுவை வண்டி) காலி டிரெய்லரையும் நிறுத்தினேன். வாயிற்காவலர் டிரெய்லர் எண்ணையும், ஓடிய மைல்களையும், டீசல் முள் முக்கால் அளவில் நின்றதையும் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, சாவியை என் கண்ணெதிரிலேயே அலுவலகப் பெட்டிக்குள் போட்டார். அந்தப் படிவத்தின் நகலும், வண்டி கடைசியாக நின்ற இடத்தைக் காட்டும் மின்னணுப் பதிவேட்டின் அச்சும் உங்களிடம் உள்ளன. விதிப்படியான 11 மணி நேர ஓட்டம் முடிந்த பிறகும் இன்னொரு சரக்கை ஏற்றச் சொன்ன டிஸ்பாட்சரிடம் (ஓட்டுநர்களுக்குச் சரக்கு ஒதுக்குபவர்), விதிப்படியான 10 மணி நேர ஓய்வு எடுக்காமல் நகர மாட்டேன் என்று மறுத்ததும், பிறகு முறைப்படி எழுதிக் கொடுத்து விலகியதும்தான் அவர்களுக்குக் கசந்தது. கசப்பைக் குறிக்கப் படிவத்தில் தனிக் கட்டம் இல்லாததால் கைவிட்ட கட்டத்தில் குறியிட்டுவிட்டார்கள் போலும்.

உங்கள் மறுவிசாரணை என்பது அதே நிறுவனத்திடம் அதே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எனக்கு அனுப்புவதாக இருக்கிறது. குற்றம் சாட்டியவரையே நீதிபதியாக உட்கார வைத்தால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காவலர் கையெழுத்திட்ட படிவத்தை உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது பிரித்துப் பார்த்தாரா? இந்தத் துறையில் இத்தனை காலமாக இருக்கும் உங்களுக்கு, நிறுவனத்தின் சொந்த டெர்மினலில் சாவியோடு ஒப்படைத்த வண்டி கைவிடப்பட்ட வண்டி ஆகாது என்பது தெரியாமல் இருக்க முடியாது.

இதனால் நான் பட்ட அவமானத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மிசூரி மாநிலத்திலுள்ள ஒரு நிறுவனம் என்னைப் புதிய ஓட்டுநர்களுக்கான ஓரியண்டேஷன் வகுப்புக்கு அழைத்தது. இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தேன். மருத்துவப் பரிசோதனையும் சிறுநீர்ச் சோதனையும் முடிந்தன. சாலைத் தேர்வில் டிரெய்லரைப் பின்னோக்கி எடுத்து நிறுத்தியதைத் தேர்வாளர் பாராட்டவும் செய்தார். மறுநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அறை நிறைய ஓட்டுநர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் பெயரை மட்டும் கூப்பிட்டு வெளியே அழைத்துச் சென்று, உங்கள் அறிக்கையைக் காட்டி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். திரும்பும் பயணச்சீட்டை நானே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அங்கிருந்தே உங்களை அழைத்தபோது பேசிய ஊழியரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எல்லா ஓட்டுநர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்று தொடங்கி, நான் விளக்க முற்பட்டதும், ஆங்கிலம் தெரிந்த வேறு யாரையாவது பேசச் சொல்லும்படி கூறி இணைப்பைத் துண்டித்தார். ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரியாதவர் வணிக வாகனம் ஓட்டக்கூடாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி விதி 391.11. சாலையோரச் சோதனைகளில் அதிகாரிகளுக்குப் புரியும் என் ஆங்கிலம் உங்கள் ஊழியருக்கு மட்டும் புரியாமல் போனது எப்படி? அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாக நீங்களே அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவைத் தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

அதே அறிக்கையில் என் பெயரில் ஒரு விபத்தும் பதிவாகியிருக்கிறது. அதைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். டிரக் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த என் வண்டியின் பக்கக் கண்ணாடியை வேறொரு டிரக் உரசிச் சென்றது, அவ்வளவுதான். உயிரிழப்போ, வேறிடத்துக்குக் கொண்டுசென்று சிகிச்சை தரும்படியான காயமோ, வண்டியை இழுத்துச் செல்லும் அளவு சேதமோ இருந்தால்தான் கூட்டாட்சி விதி 390.5-இன்படி அது விபத்து. ஓட்டுநரின் 5 ஆண்டு விபத்துகளையும் 3 ஆண்டு சோதனைகளையும் காட்டும் அரசின் முன்பணியமர்வு அறிக்கையில் எனக்கு ஒரு விபத்துகூட இல்லை. அதையும் அனுப்பியிருக்கிறேன். அதுவும் அந்த ஊழியரின் மேசையிலேயே கிடக்கிறது என்று நினைக்கிறேன். பணிக்காலத் தேதிகளும் தவறு. சம்பளச் சீட்டுகளை இணைத்துள்ளேன்.

முந்தைய 3 ஆண்டுகளின் பணி விவரத்தை விசாரிக்காமல் எந்த நிறுவனமும் ஓட்டுநரை வைத்துக்கொள்ள முடியாது என்பதால், உங்கள் அறிக்கையின் அந்த ஒரு வரி என் பிழைப்பையே அடியோடு அழித்துவிட்டது. இன்று இந்த நாட்டில் என்னை நம்பி ஒரு சாவியைக் கொடுக்க ஆளில்லை. என் தரப்பை 100 சொற்களுக்குள் சுருக்கித் தந்தால் அறிக்கையோடு சேர்ப்பதாகச் சொன்னீர்கள். சொல்லை எண்ணி எண்ணிச் சுருக்கித் தந்தேன். பிறகு ஒரு நிறுவனம் காட்டிய நகலில் அதைக் காணோம்.

உங்களோடு மல்லுக்கு நிற்பது என் நோக்கமல்ல. உங்கள் பணியின் சிரமத்தையும் நான் அறிவேன். ஆனால் உங்களுடையதைப் போன்ற வேலைவாய்ப்பு அறிக்கைகளுக்கும் பொருந்தும் 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் மறுவிசாரணைக்கு அளிக்கும் 30 நாள் கெடுவும், கூடுதல் ஆவணம் தரும்போது நீட்டிக்கப்படும் 15 நாளும் கடந்துவிட்டன. நிரூபிக்க முடியாத தகவலை நீக்கியே ஆக வேண்டும் என்கிறது அதே சட்டம். தெரிந்தே மீறினால் 100 முதல் 1,000 டாலர் வரையிலான இழப்பீட்டோடு தண்டனைத் தொகையும் வழக்கறிஞர் கட்டணமும் சேரும் என்பது உங்கள் சட்டப் பிரிவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே, கைவிட்டதாகவும் தகுதியற்றவர் என்றும் விபத்து என்றும் உள்ள பதிவுகளை நீக்கி, தேதிகளைத் திருத்தி, வேலைவாய்ப்புக்காகக் கடந்த 2 ஆண்டுகளில் என் அறிக்கையைப் பெற்ற எல்லா நிறுவனங்களுக்கும், குறிப்பாக மிசூரி நிறுவனத்துக்கு, நீக்கிய விவரத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுவிசாரணை எந்த முறையில் நடந்தது, முந்தைய நிறுவனத்தில் யாரைத் தொடர்புகொண்டீர்கள் என்பதையும் சட்டம் சொல்லும் 15 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். இந்த முறையும் அந்த ஒற்றை வரியே வருமானால், நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தில் புகார் பதிவாகும். அதன் பிறகு உங்களோடு பேசுவது என் வழக்கறிஞராகத்தான் இருக்கும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் அறிக்கையால் வேலை இழந்து நிற்கும் டிரக் ஓட்டுநர்

இணைப்பு: ஒப்படைப்புப் படிவம், மின்னணுப் பதிவேட்டின் அச்சு, அரசின் முன்பணியமர்வு அறிக்கை, சம்பளச் சீட்டுகள் (அனைத்தும் மீண்டும் ஒருமுறை)