ஜட்ஜ் யாருன்னு சங்கம் கேக்கக் கூடாதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பந்தலூர் பக்கம் எஸ்டேட்ல வேலை பாக்குறேன், சங்கத்துலயும் இருக்கேன். 2025 நவம்பர் 21ல நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்து, நம்ம 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதுக்குள்ள போயிருச்சு. இனி எஸ்டேட் குடியிருப்பான லயன் வீட்டுக்கும் 14 நாள் ஸ்ட்ரைக் நோட்டீசுக்கும் என்ன அர்த்தம்னு கடைசியா சொல்லப் போறது சுப்ரீம் கோர்ட்டுதான். அங்க யாரு வந்து உக்காருறாங்கன்னு நம்ம சங்கத்துல பேச்சே இல்ல.

அமெரிக்காவுல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுக்கு ஜனாதிபதி ஒரு பேரச் சொல்லுவாரு, செனட்ங்கிற மேல்சபை ஓட்டு போடும், அதுக்கு முன்னாடியே ஏஎஃப்எல்-சிஐஓங்கிற தொழிற்சங்க கூட்டமைப்பு இவர் வேணும், இவர் வேணாம்னு லெட்டர் போட்டுரும். 1930லயே ஜான் பார்க்கர்னு ஒருத்தரு, சங்கத்துல சேர மாட்டேன்னு எழுதிக் குடுத்தாதான் வேலைங்கிற சுரங்க கம்பெனி ஒப்பந்தத்துக்கு சாதகமா தீர்ப்பு குடுத்தவரு, சங்கமும் கறுப்பின மக்கள் அமைப்பும் எதிர்த்ததுல 41க்கு 39னு ரெண்டே ஓட்டுல அவருக்கு சுப்ரீம் கோர்ட் பதவி கிடைக்காம போச்சு.

எல்லா தடவையும் ஜெயிக்கல. இப்ப அங்க ஜட்ஜா இருக்கிற கோர்சச், கவனா, பேரட் மூணு பேரையும் வேணாம்னாங்க, செனட் கேக்கல. கலிஃபோர்னியாவுல 1975ல இருந்து ஒரு விதி, சங்கத்துக்காரங்க பண்ணைக்குள்ள போயி வேலைக்கு முன்னாடி, சாப்பாட்டு நேரத்துல, வேலை முடிஞ்சப்புறம் தொழிலாளிங்ககிட்ட பேசலாம்னு, அத 2021ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க 6க்கு 3னு அடிச்சுட்டாங்க, முதலாளியோட சொத்துரிமைய பறிக்குதாம். அந்த ஆறுல இந்த மூணு பேரும் உண்டு. எஸ்டேட் கேட்டுக்கு உள்ளயே குடியிருக்கிற நமக்கு இது எங்க வலிக்கும்னு சொல்லணுமா?

இங்க 2003ல அரசு ஊழியர் ஸ்ட்ரைக் கேஸ்ல, ஸ்ட்ரைக் பண்ண அடிப்படை உரிமையே கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. தீர்ப்பு வந்தப்புறம் கறுப்பு பேட்ஜ் குத்தி என்ன பிரயோஜனம்?

அமெரிக்கா மாதிரி ஓட்டு வேணும்னு கேக்கல, அது முழுக்க கட்சி சண்டை ஆயிருச்சு, அங்க சங்கமும் பெரும்பாலும் டெமாக்ரட் கட்சி பக்கம்தான். இங்க அரசும் சேந்து ஜட்ஜ நியமிக்க இருந்த ஆணையத்த 2015ல கோர்ட் ரத்து பண்ணதுலயும் எனக்கு வருத்தமில்ல, ஆட்சில இருக்கறவங்க கை அதுக்குள்ள போறது பயம்தான். ஆனா 2017ல இருந்து கொலீஜியம், அதாவது புது ஜட்ஜத் தேர்ந்தெடுக்கிற மூத்த ஜட்ஜுங்க குழு, பரிந்துரைய வெப்சைட்ல போடுறாங்க, சென்ட்ரல் கவர்மெண்ட் ஆர்டர் போட சில நேரம் ரெண்டு மூணு நாள், சில நேரம் மாசக்கணக்கு. பெரும்பாலும் ஹைகோர்ட்ல இருந்துதான் வர்றாங்க, அப்ப கிராஜுவிட்டி, கான்ட்ராக்ட் லேபர் கேஸ்ல அவங்க எழுதுன தீர்ப்ப முன்னாடியே படிச்சு வச்சு சங்கம் ஒரு அறிக்கை விடலாம்ல?

போனஸ் பேச்சுவார்த்தைக்கு வர்ற தலைவருங்ககிட்ட கேட்டா, "கோர்ட் அவமதிப்பு ஆயிரும் தம்பி"ங்கிறாங்க. 1971 சட்டத்துலயே நியாயமான விமர்சனம் அவமதிப்பு இல்லன்னு இருக்குங்க, அதையாவது படிச்சிருக்கலாம்.

புது ஜட்ஜ் வந்தா எந்த ஊரு, எந்த காலேஜ்னு உங்க பேப்பர்ல போடுறீங்க. தொழிலாளர் கேஸ்ல அவரு என்ன சொன்னாருன்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளி,
பந்தலூர், நீலகிரி