‘சிஸ்டம் இல்லை’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடியப்புறம் பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்த சனம், ‘சிஸ்டம் இல்லை, நாளைக்கு வாங்கோ’ என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதை வன்னியில் அடிக்கடி காண்கிறேன். கணினி பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிஸ்டம் ஏன் இல்லை என்பதை அது பெரும்பாலும் தானே திரையில் எழுதிக் காட்டுகிறது, வாசிப்பார்தான் இல்லை.

சென்ற மாரியில் ஏ-9 வீதியோரமாக உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இரவு மின்தடை ஏற்பட்டு, காலையில் லினக்ஸ் சேர்வர் எழும்பியிருந்தும், பற்றுச்சீட்டு போடும் மென்பொருள் மட்டும் திறக்கவில்லை. நான் போவதற்குள் இரண்டு நாள் கழிந்திருந்தது. அதற்கிடையில் கடவுச்சொல்லை மூன்று தடவை மாற்றியிருந்தார்கள். தொலைபேசியில் ஆலோசனை சொன்ன ஒருவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவும்படி கூறியிருந்தார். எப்படி நிறுவுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாததால் தரவுகள் தப்பின.

திரையில் 2002 என்ற பிழை இலக்கமும், சொக்கெட் வழியாக மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்ற வாசகமும், அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 2 என்ற இலக்கமும் இருந்தன. சொக்கெட் என்பது ஒரே கணினிக்குள் மென்பொருளும் தரவுத்தளமும் பேசிக்கொள்வதற்கான கோப்பு. தரவுத்தளம் ஓடத் தொடங்கும்போது அதுவே அந்தக் கோப்பை உருவாக்கிக்கொள்ளும். அடைப்புக்குறிக்குள் 2 வந்தால் அப்படியொரு கோப்பே இல்லை என்று பொருள். பெரும்பாலும் தரவுத்தளம் எழும்பவில்லை என்றே கொள்ளலாம். கடவுச்சொல் பிழையென்றால் 1045 என்ற இலக்கம் வந்திருக்கும். ஆகவே அந்த இரண்டு நாளும் அவர்கள் செய்தது, வீடே இல்லாத வளவில் நின்றுகொண்டு திறப்பை மாற்றி மாற்றிப் பார்த்த கதைதான்.

சேவைகளின் நிலையைக் காட்டும் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுத்தபோது தரவுத்தளச் சேவை தொடங்க முயன்று தோற்றிருந்தது தெரிந்தது. பிழைப் பதிவின் கடைசி வரிகள் வட்டில் இடமில்லை என்றன. வட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் ‘டிஎஃப்’ கட்டளை 100 சதவீதம் என்று காட்டியது. இரவுதோறும் எடுக்கப்பட்ட பேக்கப் கோப்புகள் ஒன்றுகூட அழிக்கப்படாமல் அதே வட்டிலேயே குவிந்திருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்கியூஎல், வட்டு நிறைந்தவுடனே விழுந்துவிடாது. இடம் கிடைக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் காத்திருக்கும். ஆனால் நின்றுபோய் மறுபடி எழும்ப வேண்டுமானால் தனது தற்காலிகக் கோப்புகளை எழுதுவதற்கு இடம் வேண்டும். அதனால்தான் பழியெல்லாம் மின்தடையின் தலையில் விழுந்திருந்தது. பழைய பேக்கப்புகளை வெளி வட்டொன்றுக்கு மாற்றிச் சேவையைத் தொடங்க அரை மணிநேரம் போதுமாக இருந்தது. இடம் தேவையென்று தரவுத்தளத்தின் சொந்தக் கோப்புறைக்குள் மட்டும் எவரும் கைவைத்துவிடக் கூடாது. தரவுத்தளம் இயங்குவதற்கே அவசியமான ‘ஐபிடேட்டா1’ என்ற கோப்பைத் தேவையற்றது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு.

அடுத்த அறைக் கணினியிலிருந்து இணைய முடியாதபோது வரும் பிழை இலக்கம் 2003. அங்கும் அடைப்புக்குறியைத்தான் பார்க்க வேண்டும். 111 என்றால் சேர்வர் வரை போய்ச் சேர்ந்தும் தரவுத்தளத்தின் வாசலான 3306 என்ற போர்ட்டில் கேட்பதற்கு ஆளில்லை என்று பொருள்: சேவை நின்றிருக்கலாம், அல்லது உபுண்டுவில் நிறுவியவுடன் இருப்பதுபோல, சேர்வர் 127.0.0.1 என்ற தன் உள்முகவரியில் மாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கலாம். 110 என்றால் பதிலே வரவில்லை. இணைப்புகளைத் தடுக்கும் பயர்வோலையும், கணினிகளை இணைக்கும் சுவிட்சையும், எலி கடித்த கேபிளையும் பார்க்க வேண்டும். ஒரே ஓர் இலக்க வித்தியாசந்தான், ஆனால் முதலாவதற்கு அமைவுக் கோப்பைத் திறக்க வேண்டும், இரண்டாவதற்கு மேசைக்குக் கீழே குனிய வேண்டும். 1040 வந்தால் இணைப்புகள் நிரம்பிவிட்டன. இயல்பான வரம்பு 151. வரம்பைக் கூட்டுவதற்கு முன்னர், இணைப்பை மூடாமல் விடும் மென்பொருள் எது என்று பார்ப்பது நல்லது.

இவையெல்லாம் பெரிய வித்தைகள் அல்ல. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கும்போது, ஒவ்வோர் அலுவலகத்திலும் ஓர் உத்தியோகத்தருக்கு இந்த இரண்டு மூன்று கட்டளைகளைப் பழக்குவதற்கு ஒரு நாள் பயிற்சியை ஒழுங்கு செய்வது கடினமாக இராது. அதுவரைக்கும், பிழைச் செய்தியைக் கடைசி இலக்கம் வரை தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அதன்பிறகே எதையும் அணைக்க வேண்டும் என்று ஒரு கடதாசியில் எழுதிச் சேர்வருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நான் சொன்ன அலுவலகத்தில் இப்போது திங்கட்கிழமைதோறும் ஓர் உத்தியோகத்தர் வட்டு எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று பார்த்து, பழைய பதிவேடொன்றின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறார். கடைசியாக நான் போனபோது 61 என்றிருந்தது.

இப்படிக்கு,
கணினி பராமரிப்பாளர் ஒருவர்,
பரந்தன்.